கண் ரயில்மேல், கை குமிழ்மேல்: மாடல் ரயில் கன்ட்ரோலரில் பொத்தானா, தொடுதிரையா?

மாடல் ரயில் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. கையில் வைத்து ஓட்டும் கன்ட்ரோலரில் பொத்தானும் குமிழும் இருந்தால் நல்லதா, கைபேசி மாதிரி தொடுதிரை இருந்தால் நல்லதா? பொத்தான் பழைய காலத்துச் சமாச்சாரம் என்பார் ஒருவர். தொடுதிரை வந்த பிறகுதான் ரயில் தாமதமாக நிற்கிறது என்பார் இன்னொருவர். குமிழ் வைத்தது அனலாக், திரை வைத்தது டிஜிட்டல் என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். மூன்று பேச்சுமே உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் சொல்வது.

புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்குள் வருகிறவர்கள் இந்தக் குழப்பத்தில் பணத்தைக் கொட்டிவிட்டுப் பிறகு வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அடியிலிருந்து தொடங்குகிறேன். மின்னணுவியல் படித்திருக்கத் தேவையில்லை. சமையலறையில் நின்ற பழக்கம் இருந்தால் போதும்.

## பால் பொங்கும்போது கண் எங்கே இருக்கிறது?

அடுப்பில் பால் இருக்கிறது. நுரை கட்டி மேலே வருகிறது. அப்போது உங்கள் கண் பாலை விட்டு நகராது. கை தானாகப் போய்க் குமிழைப் பிடித்து 'சிம்'முக்குத் திருப்பிவிடும். குமிழ் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எவ்வளவு திருப்பியாயிற்று என்பதெல்லாம் விரலுக்கே தெரியும்.

அதே பால் இண்டக்ஷன் அடுப்பில் இருக்கட்டும். முன்னால் வழவழவென்று கண்ணாடி. குறைக்கும் குறி எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். விரல் ஈரமாக இருந்தால் ஒருமுறை தொட்டது பதிவாகாது, துடைத்துவிட்டு மறுபடி தொட வேண்டும். அந்த நேரத்தில் பால் என்ன செய்கிறது என்று நீங்கள் பார்க்கவில்லை.

இரண்டு அடுப்பும் பாலைக் காய்ச்சத்தான் செய்கின்றன. கண்ணும் கையும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் விதம் மட்டும் மாறுகிறது. குமிழ் உள்ள அடுப்பில் கண் பாலோடு இருக்கிறது, கை அடுப்போடு இருக்கிறது. கண்ணாடி அடுப்பில் இரண்டு வேலையும் கண்ணின் தலையில் விழுகிறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். பொத்தான் வைத்த பழைய கைபேசியில் மேசைக்கு அடியில் பார்க்காமலே குறுஞ்செய்தி அடித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் அதே கைபேசியில் இருநூறு பெயர்களில் ஒன்றைத் தேடுவதற்கு, கீழ்நோக்கிய பொத்தானை அழுத்தி அழுத்தி விரல் ஓய்ந்துவிடும். தொடுதிரையில் ஒரு தள்ளு தள்ளினால் பெயர் வந்து நிற்கும்.

இதுவரை: பார்க்காமல் செய்ய வேண்டிய வேலையில் குமிழும் பொத்தானும் ஜெயிக்கின்றன. பார்த்துத் தேட வேண்டிய வேலையில் திரை ஜெயிக்கிறது. மீதிக் கதை எல்லாம் இதை ரயில் மேசைக்குக் கொண்டுபோவதுதான்.

## தண்டவாளத்தில் என்ன ஓடுகிறது?

பழைய முறை எளிது. இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே சுமார் 12 வோல்ட் வரை நேர்மின்சாரம் கொடுப்பார்கள். வோல்ட் கூடினால் ரயில் வேகம் கூடும். கூட்டல் கழித்தலை மாற்றினால் ரயில் பின்னால் போகும். இதைத்தான் அனலாக் என்கிறோம். சீலிங் ஃபேன் ரெகுலேட்டரைப் போல, திருப்பும் குமிழே மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இதில் ஒரு தொல்லை உண்டு. ஒரே தண்டவாளத்தில் இரண்டு என்ஜின் நின்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும். தனித்தனியாக ஓட்ட வேண்டுமென்றால் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச் போட வேண்டும்.

இந்தத் தொல்லைக்கு விடையாக வந்தது டிசிசி, அதாவது டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980களின் இறுதியில் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்பாதைச் சங்கம் 1990களில் இதைப் பொதுத் தரமாக்கியது. மார்க்ளின் போன்ற நிறுவனங்கள் சொந்த முறையும் வைத்திருக்கின்றன. அவற்றிலும் அடிப்படை எண்ணம் இதுதான்.

டிசிசியில் தண்டவாளத்துக்கு எப்போதும் முழு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ரயில் நிற்கும்போதும் போகும். அந்த மின்சாரத்தின் திசையை வினாடிக்குப் பல ஆயிரம் முறை மாற்றி மாற்றி, அதற்குள்ளேயே செய்தியை நுழைத்து அனுப்புகிறார்கள். குறுகிய மாற்றம் வந்தால் அது 1, நீண்ட மாற்றம் வந்தால் அது 0. குறுகியது என்றால் ஒரு பாதி 58 மைக்ரோவினாடி. நீண்டது என்றால் ஒரு பாதி 100 மைக்ரோவினாடியோ அதற்கு மேலோ.

இந்த 1, 0 வரிசையைப் படிக்கிற சின்ன மின்னணுச் சில்லு ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் இருக்கிறது. அதன் பெயர் டிகோடர். ஒவ்வொரு டிகோடருக்கும் ஒரு எண் உண்டு, அதற்கு முகவரி என்று பெயர். புதிதாக வாங்கும் டிகோடர் வழக்கமாக 3 என்ற முகவரியோடு வரும், பிறகு நாம் மாற்றிக்கொள்ளலாம். "முகவரி 3, முன்னோக்கி, வேகம் 40" என்று ஒரு செய்தி தண்டவாளம் முழுக்கப் போகிறது. எல்லா என்ஜினும் அதைக் கேட்கும், 3ஆம் எண்காரர் மட்டும் கீழ்ப்படிவார். திருமண மண்டபத்தில் ஒலிபெருக்கியில் ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி.

இந்தச் செய்தியைத் தயாரித்துத் தண்டவாளத்தில் ஏற்றும் பெட்டிக்குக் கமாண்ட் ஸ்டேஷன் என்று பெயர். உங்கள் கையில் இருக்கும் கன்ட்ரோலர் தண்டவாளத்தோடு நேரடியாகப் பேசுவதில்லை. அது இந்தப் பெட்டியிடம் சொல்கிறது, பெட்டி தண்டவாளத்திடம் சொல்கிறது.

குமிழ் என்றால் அனலாக் என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது. டிசிசி கன்ட்ரோலரில் இருக்கும் குமிழ் வோல்ட்டைத் தொடுவதே இல்லை. "40" என்ற எண்ணைச் சொல்கிறது, அவ்வளவுதான். தொடுதிரையில் விரலை நகர்த்தினாலும் அதே "40"தான் போகிறது. என்ஜினுக்கு வந்த செய்தி குமிழிலிருந்து வந்ததா, கண்ணாடியிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது.

## விரலிலிருந்து சக்கரம் வரை

சரி, தொடுதிரையில்தான் ரயில் தாமதமாக நிற்கிறது என்ற புகாருக்கு வருவோம். விரல் அசைந்ததிலிருந்து சக்கரம் அசையும் வரை செய்தி எத்தனை கை மாறுகிறது என்று பார்த்தால் இது தெளிவாகும்.

விரல் அசைவைக் கன்ட்ரோலர் உணர்கிறது. அதற்குள் இருக்கும் சில்லு அதை எண்ணாக மாற்றுகிறது. எண், கம்பி வழியாகவோ ரேடியோ வழியாகவோ வைஃபை வழியாகவோ கமாண்ட் ஸ்டேஷனுக்குப் போகிறது. அது டிசிசி செய்தியாகக் கட்டித் தண்டவாளத்தில் விடுகிறது. டிகோடர் படித்து மோட்டாருக்குச் சொல்கிறது.

தண்டவாளப் பகுதியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண வேகக் கட்டளை ஒன்று நாற்பது பிட்டுகளுக்கு, அதாவது நாற்பது 1, 0 குறிகளுக்கு, சற்று மேல். ஒவ்வொரு 1-க்கும் 116 மைக்ரோவினாடி, ஒவ்வொரு 0-க்கும் 200 என்று வைத்தால், முழுச் செய்தியும் ஏறக்குறைய 6 மில்லிவினாடியில் முடிந்துவிடும். கண் சிமிட்டும் நேரத்தில் பத்துச் செய்திக்கு மேல் போய்விடும். தொடுதிரைக் கைபேசி தன் பங்குக்குச் சில பத்து மில்லிவினாடி சேர்க்கலாம், அமைதியான வைஃபை இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். எல்லாம் சேர்ந்தாலும் சாதாரணமாக ஓட்டும்போது அது கைக்குத் தெரியாது.

பிறகு ஏன் ரயில் மெதுவாக நிற்கிறது? பெரும்பாலும் டிகோடருக்குள் இருக்கும் ஓர் அமைப்பு காரணம். டிகோடரில் எண்ணிட்ட சின்னச் சின்ன அமைப்பிடங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் சிவி என்று பெயர். சிவி 3 வேகம் பிடிக்கும் தாமதம், சிவி 4 வேகம் குறையும் தாமதம். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள நிஜ ரயில் சட்டென்று நிற்காதல்லவா? அந்த உணர்வு வருவதற்காகவே தயாரிப்பாளர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் கூட்டி வைத்து அனுப்புவார்கள். புதிதாக வாங்கியவர் தொடுதிரையில் பூஜ்யத்துக்கு இழுத்ததும் ரயில் மெல்ல நகர்ந்து நகர்ந்து நிற்பதைப் பார்த்துத் திரையைத் திட்டுகிறார். அதே என்ஜினைக் குமிழ் வைத்த கன்ட்ரோலரில் ஓட்டினாலும் அதே இடத்தில்தான் நிற்கும்.

உண்மையான தாமதம் கண்ணில் இருக்கிறது. எச்ஓ அளவு மாடல், நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. நிஜத்தில் மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் மாடலில் அது வினாடிக்கு சுமார் 19 செ.மீ. திரையில் சரியான இடத்தைத் தேட ஒரு வினாடி கீழே குனிந்தால், ரயில் ஒரு சாண் தூரம் உங்கள் பார்வை இல்லாமல் போயிருக்கும். பெட்டியோடு என்ஜினை இணைக்கப் போகும் நேரத்திலோ, தண்டவாளம் முடியும் இடத்துக்குப் பக்கத்திலோ அது பெரிய தூரம்.

இதுவரை: திரையும் குமிழும் அனுப்பும் செய்தி ஒன்றே, போகும் வழியும் ஏறக்குறைய ஒன்றே. மெதுவாக நிற்பதற்குக் காரணம் டிகோடரின் சிவி எண்ணாக இருக்கலாம். திரையால் இழக்கும் நேரம் மின்னணுவில் இல்லை, உங்கள் கண் ரயிலை விட்டுப் போய்த் திரும்பி வரும் நேரத்தில் இருக்கிறது.

## பொத்தானுக்குள்ளும் கண்ணாடிக்கு அடியிலும்

பொத்தானைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கவிழ்த்த கிண்ணம் போல ஒரு சின்ன உலோகத் தகடோ ரப்பர் மேடோ இருக்கும். அழுத்தும்போது அது ஒரு கட்டம் வரை எதிர்த்து நிற்கும், பிறகு சட்டென்று உள்ளே குழியும். அந்த 'டக்' விரலுக்கு இரண்டு விஷயம் சொல்கிறது: நீ பொத்தான்மேல்தான் இருக்கிறாய், நீ அழுத்தியது பதிவாகிவிட்டது. இன்னொன்றும் உண்டு, இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பொத்தான்மேல் விரலை வெறுமனே வைத்துக் காத்திருக்கலாம். அழுத்தும் வரை ஒன்றும் நடக்காது. நிலையத்தை நெருங்கும் ரயிலைப் பார்த்தபடி விசில் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நிற்கும் சுகம் அதில்தான் வருகிறது.

இன்றைய தொடுதிரையில் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவற்றுக்கிடையே மெல்லிய மின்புலம் இருக்கும். மின்சாரத்தைக் கடத்தக்கூடிய நம் விரல் பக்கத்தில் வந்ததும் அந்தப் புலத்தில் கொஞ்சம் விரல் பக்கம் இழுபடும். எந்த இடத்தில் குறைந்தது என்று சில்லு கண்டுபிடிக்கிறது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் இதில் அழுத்தம் என்ற பேச்சே இல்லை. தொட்டாலே பதிவு. விரலை வைத்துக் காத்திருக்க முடியாது, விளிம்பைத் தடவிக் கண்டுபிடிக்கவும் முடியாது. வேர்வை ஊறிய விரல் அதைக் குழப்பும்.

திரையில் வேகத்துக்கு வழக்கமாக ஒரு சறுக்குப் பட்டை வரைந்திருப்பார்கள். டிசிசியில் மிக நுணுக்கமான ஓட்டத்துக்கு 126 வேகப்படிகள் கிடைக்கின்றன. பட்டை 5 செ.மீ. நீளம் என்றால் ஒரு படிக்குக் கிடைக்கும் இடம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் விரல்நுனி கண்ணாடியில் பதியும் அகலம் கிட்டத்தட்ட ஒரு செ.மீ. ஊர்ந்து போக வேண்டிய என்ஜினை இதில் 3ஆம் படியிலிருந்து 4ஆம் படிக்கு மட்டும் ஏற்றுவது எவ்வளவு சிரமம் என்று எண்ணிப் பாருங்கள். விரலை எடுக்கும்போதே அது இரண்டு படி நழுவும்.

## குமிழ் என்றால் எல்லாம் ஒன்றல்ல

பொத்தான் பக்கம் நிற்பவர்களும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். குமிழில் இரண்டு வகை உண்டு. கன்ட்ரோலர் வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது மிக முக்கியம், ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

முதல் வகை பொட்டன்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழ் இதுதான். இரண்டு பக்கமும் முட்டும் எல்லை உண்டு. இடது முனை பூஜ்யம், வலது முனை முழு வேகம். குமிழ் நிற்கும் இடமே வேகம். தொட்டுப் பார்த்தாலே ரயில் எந்த வேகத்தில் போகிறது என்று தெரிந்துவிடும். இடப்பக்கம் முட்டும்வரை திருப்பினால் ரயில் நிற்கும், சந்தேகமே இல்லை.

இரண்டாவது வகை என்கோடர். இதற்கு எல்லை கிடையாது, சுற்றிக்கொண்டே போகலாம். "ஒரு படி கூட்டு, ஒரு படி குறை" என்று மட்டும் சொல்லும். எங்கே நிற்கிறது என்பதற்கு அர்த்தமில்லை.

எல்லை உள்ள குமிழ்தானே சிறந்தது என்று தோன்றும். ஒரே என்ஜின் ஓட்டும்வரை ஆமாம். இரண்டு என்ஜின் வந்ததும் சிக்கல் தொடங்குகிறது. முதல் என்ஜினை 60-ல் ஓடவிட்டு, அதே கன்ட்ரோலரில் நின்றுகொண்டிருக்கும் இரண்டாவது என்ஜினைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். குமிழ் இன்னும் 60-ல்தான் நிற்கிறது. இரண்டாவது என்ஜின் பூஜ்யத்தில் இருக்கிறது. இப்போது குமிழை லேசாகத் தொட்டால் என்ன ஆக வேண்டும்? கன்ட்ரோலர் இதைக் கவனிக்காமல் விட்டால், நின்ற என்ஜின் ஒரே துள்ளலில் 60-க்குப் பாயும். என்கோடரில் இந்தப் பிரச்சினை வராது, இருக்கிற வேகத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏறும். ஆனால் அதில், சட்டென்று நிறுத்த நினைத்தால் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று கைக்குத் தெரியாது. சில கன்ட்ரோலர்களில் குமிழையே உள்ளே அழுத்தினால் ரயில் நிற்கும்படியோ திசை மாறும்படியோ வைத்திருப்பது இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

ஜெர்மனியின் ஈஎஸ்யூ நிறுவனம் இதற்குக் கண்டுபிடித்த விடை எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லை உள்ள குமிழுக்கு அடியில் ஒரு குட்டி மோட்டாரை வைத்துவிட்டார்கள். நீங்கள் வேறு என்ஜினைத் தேர்ந்தெடுத்ததும், அந்த என்ஜினின் வேகம் எதுவோ அந்த இடத்துக்குக் குமிழ் தானே திரும்பி நிற்கும். அவர்களுடைய ஈகோஸ் என்ற மேசைக் கமாண்ட் ஸ்டேஷனில் தொடுதிரையும் உண்டு, இப்படி மோட்டார் வைத்த இரண்டு குமிழும் உண்டு. மொபைல் கன்ட்ரோல் 2 என்ற கையடக்கக் கருவியில் ஆண்ட்ராய்டில் இயங்கும் தொடுதிரை, அதன் கீழே மோட்டார் குமிழ், ஓரங்களில் நான்கு பொத்தான். தொடுதிரை செய்யத் தெரிந்த நிறுவனமே குமிழைக் கைவிடாமல், அதற்குள் மோட்டார் வைக்கும் அளவுக்குச் செலவு செய்திருக்கிறது. மார்க்ளினின் சென்ட்ரல் ஸ்டேஷன் 3-லும் நடுவில் பெரிய தொடுதிரை, இரு பக்கமும் குமிழ், தனியாக நிறுத்தப் பொத்தான்.

## திரை இல்லாமல் முடியாத வேலைகள்

இவ்வளவு சொன்ன பிறகு திரையே வேண்டாம் என்று யாராவது முடிவு செய்துவிட்டால் அது என் தவறாகும்.

டிசிசியில் ஓர் என்ஜினுக்கு விளக்கு, விசில், மணி, நீராவிச் சத்தம், பிரேக் கிறீச்சிடும் ஓசை என்று பல செயல்கள் கொடுக்கலாம். இவற்றைப் பல கருவிகளில் எஃப்0 முதல் எஃப்28 வரை எண்ணிடுகிறார்கள், மொத்தம் 29. பத்து எண் பொத்தான் மட்டும் இருக்கும் கன்ட்ரோலரில் 23ஆம் செயலை எழுப்ப, ஷிஃப்ட் பொத்தானை இரண்டு முறை தட்டி, பிறகு 3 அடிக்க வேண்டும் என்பது போன்ற ஏற்பாடுகள் இருக்கும். எந்த என்ஜினில் 23 என்பது என்ன என்று நினைவு வைத்துக்கொள்வது வேறு. திரையில் விசிலுக்கு விசில் படம், விளக்குக்கு விளக்குப் படம்.

என்ஜினைத் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான். டிசிசி முகவரி 10239 வரை போகலாம். "4472 எது, 6201 எது" என்று எண் நினைவு வைப்பதைவிட, படத்தைப் பார்த்துத் தொடுவது எவ்வளவோ மேல். தண்டவாளம் பிரியும் இடங்களான பாயின்ட்டுகளை மாற்றுவதற்கும் திரைக்கு ஈடு இல்லை. மேசையின் வரைபடத்தையே திரையில் போட்டு, எந்தப் பாயின்ட்டைத் திருப்ப வேண்டுமோ அதைத் தொடலாம். சிவி எண்களை மாற்றும் வேலையைச் சின்ன இரண்டு வரித் திரையில் செய்தவர்களுக்குத் தெரியும், அது எத்தனை மாலை நேரங்களைத் தின்றது என்று.

இவை எல்லாம் ரயில் நிற்கும்போதோ, அவசரம் இல்லாதபோதோ செய்யும் வேலைகள். கண் திரைக்குப் போகலாம், தடையில்லை.

## நிறுத்தும் பொத்தான்

இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அவசர நிறுத்தம் கையில் தட்டுப்படும் பொத்தானாகத்தான் இருக்க வேண்டும். திரையில் எந்தப் பக்கம் திறந்திருந்தாலும், எந்தப் பட்டியலுக்குள் போயிருந்தாலும், ஒரே அழுத்தில் எல்லா ரயிலும் நிற்க வேண்டும்.

நிஜ உலகில் இந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை பெரியது. 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. 10 மாலுமிகள் இறந்தார்கள். இரண்டு பக்க உந்துவிசையையும் தொடுதிரையில் கட்டுப்படுத்தும் ஏற்பாடு அந்தக் கப்பலில் இருந்தது. கட்டுப்பாட்டை ஒரு இருக்கையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது குழப்பம் வந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து குறைகிறது என்று நினைத்தபோது ஒரு பக்கம் மட்டும் குறைந்தது. போதாத பயிற்சி, மேற்பார்வை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் விசாரணை இந்தத் திரை அமைப்பையும் சுட்டிக்காட்டியது, 2019-ல் கடற்படை இத்தகைய கப்பல்களில் கையால் பிடித்துத் தள்ளும் நெம்புகோல்களையே திரும்ப வைப்பதாக அறிவித்தது. இரண்டு நெம்புகோலைக் கையில் பிடித்திருந்தால் ஒன்று முன்னால், ஒன்று பின்னால் இருப்பதைக் கையே சொல்லியிருக்கும்.

மாடல் ரயிலில் உயிர் போகாது. ஆனால் மாதக்கணக்கில் உட்கார்ந்து வண்ணம் பூசிய என்ஜின் மேசை விளிம்பிலிருந்து தரையில் விழுந்தால் அந்த வலியும் வலிதான்.

இதுவரை: வேகம், திசை, நிறுத்தம் மூன்றும் பார்க்காமல் செய்யும் வேலைகள், கைக்குத் தட்டுப்பட வேண்டும். தேர்வு, பாயின்ட், சிவி, பெயரிட்ட செயல்கள் திரையில் இருந்தால் சுகம்.

## கைபேசியையே கன்ட்ரோலராக்கினால்?

செலவைக் குறைக்க நிறையப் பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள், அது நல்ல தொடக்கமே. ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருளைக் கணினியில் ஓடவிட்டால், ஆண்ட்ராய்டில் என்ஜின் டிரைவர், ஐபோனில் வைத்ராட்டில் என்ற செயலிகள் வைஃபை வழியாக அதோடு பேசும். பிரிட்டனின் ஹார்ன்பி 2023-ல் கொண்டுவந்த எச்எம்7000 முறையில் கைபேசி புளூடூத் மூலம் நேரே என்ஜினின் டிகோடரோடு பேசுகிறது.

கைபேசியின் குறை என்னவென்றால், ரயில் ஓட்டுவது அதன் வேலைகளில் ஒன்று மட்டும். ஒருமுறை நண்பர் வீட்டு மேசையில் கைபேசியால் ஓட்டிக்கொண்டிருந்தேன். அழைப்பு வந்தது. திரை முழுக்க அழைப்பவர் பெயர். அதை ஒதுக்கிவிட்டுச் செயலிக்குத் திரும்புவதற்குள் சரக்கு ரயில் கடைசித் தடுப்பில் போய் முட்டி, முன் இரண்டு பெட்டிகளும் சாய்ந்தன. அன்றிலிருந்து ரயில் ஓட்டும்போது கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையை மட்டும் திறந்து வைக்கிறேன். திரை தானே அணைந்துவிடும் அமைப்பையும் மாற்றிவைக்க வேண்டும். இணைப்பே அறுந்துபோனால்? வைத்ராட்டில் முறையில் அதற்கு ஒரு காவல் உண்டு. செயலி சில வினாடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் நின்றால் கணினி ரயிலை நிறுத்திவிடும். இது இயங்குகிறதா என்று முதல் நாளே சோதித்துக்கொள்ளுங்கள்.

என்ஜின் டிரைவர் செயலியில் கைபேசியின் ஓரத்தில் இருக்கும் சத்தம் கூட்டும் குறைக்கும் பொத்தான்களையே வேகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எனக்கு இது பெரிய விஷயம். தொடுதிரைக் கருவிக்குச் செயலி எழுதியவர்களே, அதில் மிச்சம் இருக்கும் இரண்டு நிஜப் பொத்தான்களைத் தேடிப் பிடித்து வேகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். ரோக்கோ நிறுவனத்தின் கதையும் அதே திசையில் போகிறது. 2012-ல் இசட்21 என்ற கமாண்ட் ஸ்டேஷனைக் கைபேசியையும் டேப்லெட்டையும் முன்னிறுத்திக் கொண்டுவந்தார்கள். பிறகு அதற்கே வைஃபையில் பேசும், குமிழும் பொத்தானும் உள்ள வ்லான்மவுஸ் என்ற கையடக்கக் கருவியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

## ரயிலோடு நடப்பவர்கள்

ஐரோப்பாவில் 1981-ல் தொடங்கிய ஃப்ரெமோ என்ற அமைப்பின் கூடுகைகள் பெரிய மண்டபங்களில் நடக்கும். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் செய்த தண்டவாளத் துண்டுகளைக் கொண்டுவந்து கோப்பார்கள். அட்டவணைப்படி ரயில் விடுவார்கள். ஓட்டுபவர் உட்கார்ந்திருப்பதில்லை, தன் ரயிலோடு கூடவே நடப்பார். ஒரு கையில் சரக்குச் சீட்டு, இல்லாவிட்டால் பெட்டிகளைக் கழற்றும் சின்னக் குச்சி. மற்றொரு கை மட்டுமே கன்ட்ரோலருக்கு. அவர்கள் தங்களுக்கென்றே வடிவமைத்துக்கொண்ட கன்ட்ரோலரின் பெயர் ஃப்ரெட். ஜெர்மன் மொழியில் "ஃப்ரெமோவின் எளிய திருகு கன்ட்ரோலர்" என்பதன் சுருக்கம். ஒரு குமிழ், திசைக்கு ஒரு சுவிட்ச், சில பொத்தான். முழு நாளும் ரயிலைப் பார்த்தபடி நடக்கிறவர்களுக்கு அது போதுமாக இருக்கிறது.

இன்னொருவர் கை வேறு மாதிரி. இசைக்கலைஞர் நீல் யங்கின் மகனுக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். நுண்ணிய விரலசைவு கேட்கும் எந்தக் கன்ட்ரோலரும் அவருக்குப் பயன்படாது. மகன் தானே ரயில் ஓட்ட வேண்டும் என்பதற்காக, பெரிய பொத்தானை அழுத்தினால் ரயில் கேட்கும்படியான கட்டுப்பாட்டு அமைப்பைத் தந்தை உருவாக்கினார். அந்த முயற்சி வளர்ந்து, 1990களில் அமெரிக்காவின் லயனல் நிறுவனத்தோடு சேர்ந்து கம்பியில்லாக் கட்டுப்பாட்டு முறை உருவாவதில் அவருக்குப் பங்கு கிடைத்தது. வயதாகி விரல் நடுங்குகிற தாத்தாவுக்கும் ஐந்து வயதுப் பேத்திக்கும் வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பார்வை மங்கியவருக்குக் கைக்குத் தட்டுப்படும் குமிழ் உதவும். சின்ன பொத்தானை அழுத்த விரலில் வலு இல்லாதவருக்குப் பெரிய திரையில் பெரிய படங்கள் உதவும்.

## கடையில் செய்து பார்க்க வேண்டியது

கன்ட்ரோலரை இடது கையில் எடுங்கள். கண்ணை எதிர்ச் சுவரில் வையுங்கள், கீழே பார்க்காதீர்கள். வேகம் கூட்டுங்கள், பாதியாகக் குறையுங்கள், நிறுத்துங்கள், திசை மாற்றுங்கள், விசில் அடியுங்கள், அவசர நிறுத்தம் அழுத்துங்கள். இந்த ஆறில் எத்தனை முடிந்தது? அப்புறம் கீழே பார்த்தே, பட்டியலில் மூன்றாவது என்ஜினைத் தேர்ந்தெடுத்து அதன் 14ஆம் செயலை எழுப்புங்கள். எவ்வளவு நேரம் ஆனது? முதல் சோதனை உங்களுக்கு மாலைதோறும் நடக்கப் போவது, இரண்டாவது எப்போதாவது வருவது. கடைசியாக, ஓர் என்ஜினை ஓடவிட்டு இன்னொன்றுக்கு மாறிக் குமிழைத் தொட்டுப் பாருங்கள். இரண்டாவது துள்ளுகிறதா?

இரண்டில் ஒன்றைத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பல கமாண்ட் ஸ்டேஷன்களில் ஒரே நேரத்தில் பல கன்ட்ரோலர்களை இணைக்கலாம். உதாரணமாக ரோக்கோவின் இசட்21-ல் கைபேசி வைஃபையில் இருக்கும்போதே, குமிழ் வைத்த மல்ட்டிமவுஸைக் கம்பியில் செருகிக்கொள்ளலாம். ரோக்கோவின் பழைய தொடக்கப் பெட்டிகளோடு வந்த மல்ட்டிமவுஸ் பலர் வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கும். கேட்டு வாங்கிக்கொண்டு, கைபேசியை மேசை ஓரத்தில் பாயின்ட் வரைபடத்தோடு நிறுத்திவைத்துவிட்டு, குமிழைக் கையில் எடுத்துக்கொண்டு ரயிலோடு நடக்கத் தொடங்கலாம்.